அப்பாவின் மேல் கடைவாய்ப் பல்

இதை எழுதாமலேயே விட்டிருப்பேன். உட்கார்ந்து எழுதுவது எனக்குப் பழக்கமில்லாத வேலை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நானும் சண்டை சச்சரவு இல்லாமல் பிரிந்துவிட்டோம். அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் வாட்சப்பில், அடுத்தவனைக் கிண்டலடிக்க மட்டும்தான். போன வாரமும் அப்படித்தான், ஓடைப்பட்டியில் திராட்சைக்கு மருந்தடிக்கிற என் கூட்டாளிக்கு, ஒரு பக்கக் கன்னம் உப்பிய குரங்குப் படம் ஒன்றை அனுப்பினேன். அவனுக்குப் பல்வலி. வேறு சமயமாக இருந்தால் என் பரம்பரையையே இழுத்து வைத்துப் பதில் போட்டிருப்பான். இந்த முறை, "விடுறா, எதுவுமே பிடிக்கல" என்று மட்டும் வந்தது. அப்புறம் போனையும் எடுக்கவில்லை.

அந்த வார்த்தையை நான் முன்பே ஒருவர் வாயிலிருந்து கேட்டிருக்கிறேன். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். பிழை இருந்தால் அவன் திருத்திக்கொள்ளட்டும். அவன் என்னைவிட இரண்டு வகுப்பு கூடப் படித்தவன்.

அப்போது நான் நாலாவது படித்துக்கொண்டிருந்தேன். அப்பா கம்பத்தில் ஜீப் ஓட்டினார். காலையில் மெட்டு என்கிற மலை ரோட்டில் ஏறி கேரளாவில் ஏலத்தோட்டத்துக்குப் பெண்களைக் கொண்டுபோய் விடுவார், சாயங்காலம் திரும்ப ஏற்றிக்கொண்டு இறங்குவார். ஜீப்பில் எத்தனை பேர் ஏறலாம் என்பது அரசாங்கத்துக்கு ஒரு கணக்கு, அப்பாவுக்கு ஒரு கணக்கு. "இன்னும் ரெண்டு பேர் ஏறலாம் தாயி, மூச்ச மட்டும் ஆளு மாத்தி ஆளு விட்டுக்கங்க" என்பார். ஜீப்பே குலுங்கும். எங்கள் வீட்டில் சொத்து என்று பார்த்தால் கொஞ்சம் பன்னீர் திராட்சைக் கொடியும் இந்தக் கிண்டலும்தான். அதில் எனக்கு வந்து சேர்ந்தது கிண்டல்.

அந்த வருசம் மழை முடிந்த சமயத்தில் அப்பாவுக்கு மேல் கடைவாய்ப் பல்லில் வலி வந்தது. முதலில் அதையும் வைத்துச் சிரித்தார். அப்புறம் சிரிப்பு நின்றது. அப்புறம் பேச்சு நின்றது. சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போவார், அதை நாய்க்கு வைத்துவிட்டு வெறும் தட்டோடு வருவார். வண்டியைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தி, சாவியை எடுத்த பிறகும் இறங்காமல் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருப்பார். நான் போய்க் கண்ணாடியைத் தட்டினால், யாரோ வழி கேட்கிற வெளியூர்க்காரனைப் பார்ப்பது போல என்னைப் பார்ப்பார்.

பல் வலித்தால் கன்னம் வீங்கும், அது எனக்குத் தெரியும். ஆனால் பல் வலித்தால் அப்பா எங்கே போவார் என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

அத்தைக்கு எல்லாமே புரிந்திருந்தது. அத்தை என்றால் அப்பாவுக்கு மூத்தவர், பக்கத்துத் தெருக்காரர், எங்கள் குடும்பத்தின் சுகாதாரத்துறை. முதல் வைத்தியமாகக் கண்டங்கத்திரி விதையை நெருப்பில் போட்டு, பப்பாளித் தண்டு வழியாக அப்பா வாய்க்குள் புகையை விட்டார். புழு வெளியே வந்து விழும் என்றார். கீழே வைத்த தண்ணீர்க் கிண்ணத்துக்குப் பக்கத்தில் நான் படுத்துக்கொண்டு கண் இமைக்காமல் பார்த்தேன். அப்பா இருமினார், நான் இருமினேன், அத்தையும் இருமினார். கிண்ணத்தில் எச்சில் மட்டும்தான் விழுந்தது. "புழு உள்ளயே செத்திருக்கும்" என்று அத்தை முடித்துவிட்டார்.

வலி குறையவில்லை. அம்மா பொறுத்துப் பார்த்துவிட்டு, "பேசாம டாக்டர்ட்ட போயி புடுங்கிருவமா" என்று கேட்டாள். அத்தை துள்ளி எழுந்தார்.

"ஏத்தா, உனக்கு புத்தி கெட்டுப் போச்சா? அது மேப்பல்லு. மேப்பல்லப் புடுங்குனா நரம்பு அறுந்து கண்ணு போயிரும். எங்க சின்னய்யா பல்லப் புடுங்கித்தான கண்ணு அவிஞ்சு கெடந்தாக? இவன் வண்டி ஓட்டுறவன். கண்ணு போச்சுன்னா குடும்பத்தோட போயி எங்கன நிப்பீக?"

அந்தச் சின்னய்யா பல் பிடுங்கினது நடுவயதில், கண் தெரியாமல் போனது பல்லெல்லாம் தானாகவே கொட்டித் தீர்ந்த கிழவயதில். இடையில் அத்தனை காலம் அந்த நரம்பு எங்கே போயிருந்தது என்று அப்போது கேட்க எனக்குத் தோன்றவில்லை. யாருக்குமே தோன்றவில்லை. அப்பா மட்டும் இரண்டு கண்ணையும் ஒரு முறை இறுக்க மூடித் திறந்தார். அன்றோடு டாக்டர் என்ற பேச்சு எங்கள் வீட்டில் நின்றது.

அடுத்ததாக அத்தை குறி சொல்கிற கோடாங்கியைக் கூட்டி வந்தார். அவர் உடுக்கையை அடித்து, கண்ணைச் செருகி, ஆடி முடித்து, "மெட்டு எறக்கத்துல முனி நிக்கிது. வண்டி போற வேகத்துல எதுக்க வந்துட்டான்னு கன்னத்துல ஒண்ணு விட்ருச்சு" என்றார். கருப்புச் சேவல் ஒன்று கேட்டார். முனி கேட்டதா அவர் கேட்டாரா என்பதில் எனக்கு இன்றைக்கும் குழப்பம் உண்டு. அப்பா அசையாமல் உட்கார்ந்திருந்தார். நான் அவர் கன்னத்துக்குப் பக்கத்தில் போய் ஐந்து விரல் பதிந்திருக்கிறதா என்று தேடினேன். வீக்கம் பளபளவென்று இருந்தது, விரல் இல்லை. முனிக்கு விரலே கிடையாதோ என்னவோ.

சேவலும் போனது. அதற்குப் பிறகுதான் ஒருநாள், கஞ்சியாவது குடிக்கச் சொல்லி அம்மா கெஞ்சியபோது அப்பா சொன்னார்: "விடு. எதுவுமே பிடிக்கல."

கோபமாகச் சொல்லவில்லை. மழை வரும்போல இருக்கிறது என்பது போலச் சொன்னார். அம்மா கஞ்சிக் கிண்ணத்தோடு அப்படியே நின்றாள்.

அன்று மத்தியானம் அம்மா வினோதமான ஒரு காரியம் செய்தாள். திராட்சைக்கு அடிக்க வாங்கி வைத்திருந்த மருந்து டப்பாக்களையெல்லாம் சாக்கில் போட்டுக் கட்டி, அத்தை வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டு வரச் சொன்னாள். பொங்கலுக்கு வீடு ஒதுக்குகிறாள் போல என்று நினைத்துக்கொண்டேன். பொங்கல் ரொம்ப தூரத்தில் இருந்தது. வேறு எந்தச் சாமானையும் அவள் தொடவில்லை. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

மறுநாள் சனிக்கிழமை. லீவு நாளில் அப்பாவோடு ஜீப்பில் போகக் கேட்டால், "மாடா மேய்க்கப் போறாக?" என்று விரட்டுகிற அம்மா, அன்று அவளாகவே எனக்குத் தலை சீவிவிட்டாள்.

"உங்கப்பா கூடப் போ. எங்கன எறங்குனாலும் கூட எறங்கு. கைய விட்றாத."

"ஒண்ணுக்குப் போனாலுமா?"

"போனாலுந்தான்."

கடைக்குப் போய்க் குடித்துவிட்டு வருவாரோ என்று உளவு பார்க்க அனுப்புகிறாள் என்றுதான் நினைத்தேன். பெரிய பதவி கிடைத்த மாதிரி ஜீப்பின் முன்னால் ஏறி உட்கார்ந்தேன்.

போகும்போது ஒன்றும் நடக்கவில்லை. தோட்டத்தில் பெண்கள் எனக்குப் பெரிய பெரிய நெல்லிக்காய்களாகப் பறித்துக் கொடுத்தார்கள். சாயங்காலம் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு இறங்கினோம். பாதி மெட்டு இறங்கியதும், எப்போதும் நிறுத்தாத ஒரு வளைவில் அப்பா வண்டியை ஓரம் கட்டினார். ஒன்றும் சொல்லாமல் இறங்கிப் போய், ரோட்டோரக் கட்டைச் சுவருக்கு அந்தப் பக்கம் பார்த்தபடி நின்றார். கீழே கம்பம் பள்ளத்தாக்கு முழுக்க வெயில்.

"என்னண்ணே, வண்டி மக்கர் பண்ணுதா?" என்று பின்னாலிருந்து ஒரு பெண் கேட்டார்.

"முனிகிட்ட கணக்குத் தீக்கப் போயிருக்காரு" என்றார் இன்னொருவர். சிரிப்பு கிளம்பியது. அப்பா திரும்பவில்லை. சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக நின்றது. "யாராச்சும் எறங்குங்கடி" என்று ஒரு குரல் மெதுவாகச் சொன்னது.

நான் அதற்குள் இறங்கிவிட்டேன், உளவாளி அல்லவா. இறங்கும்போதே எனக்கு ஒரு யோசனை. இத்தனை நாளாக அப்பா சிரித்துப் பார்க்கவில்லை. இருந்ததில் பெரிய நெல்லிக்காயாக எடுத்து இடது கன்னத்துக்குள் அடக்கினேன். வாய் கோணி, கன்னம் புடைத்தது. அப்பாவுக்குப் பக்கத்தில் போய் நின்று, அவர் மாதிரியே கன்னத்தில் கை வைத்துக்கொண்டு, அவர் மாதிரியே பள்ளத்தைப் பார்த்தேன். இந்த நடிப்பைப் பார்த்தால் கல்லும் சிரிக்கும் என்பது என் கணக்கு. சிரிக்காவிட்டால் தலையில் ஒரு குட்டாவது விழும். அந்தக் குட்டுக்குத்தான் நான் ஏங்கிப் போயிருந்தேன்.

அப்பா கொஞ்ச நேரம் கழித்துத்தான் என்னைக் கவனித்தார். குனிந்து பார்த்தார். விரலால் என் கன்னத்தை மெல்லத் தொட்டார்.

"ஏலே, ஒனக்கும் வந்துருச்சாடா?"

துப்பிவிட்டுச் சிரிக்க வேண்டிய இடம் அதுதான். என்னால் முடியவில்லை. அப்பாவின் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து, வீங்கிய கன்னத்தில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. நான் என்ன செய்வதென்று தெரியாமல் ஆமாம் என்று தலையாட்டினேன்.

"இது ஒனக்கு வேணாம்டா. இது ஒனக்கு ஆகாது" என்று சொல்லி என்னைத் தூக்கிக்கொண்டார். நாலாவது படிக்கிறவனைத் தூக்குவது எனக்கு வெட்கமாக இருந்தது. ஜீப்புக்குக் கொண்டுவந்து முன் சீட்டில் இருந்த பெண்ணின் மடியில் வைத்தார். அந்த அக்கா கீழே போய்ச் சேரும் வரை என்னை இடுப்போடு இறுக்கிப் பிடித்திருந்தார். ஏன் இப்படி இறுக்குகிறார் என்று கேட்க நினைத்தேன். வாயில் நெல்லிக்காய்.

கம்பத்தில் அப்பா என்னைத் தூக்கிக்கொண்டு நேராகப் பல் டாக்டரிடம் போனார். மாடியில் ஆஸ்பத்திரி, இளவயது டாக்டரம்மா. என்னை நாற்காலியில் சாய்த்து, விளக்கைப் போட்டு, "வாயத் தொற தம்பி" என்றார். திறந்தேன். நெல்லிக்காய் உருண்டு ஸ்டீல் தட்டில் விழுந்து டங் என்றது.

ஜீப்பிலிருந்து இறங்கிக் கூடவே மாடியேறி வந்த பெண்கள் சிரித்தார்கள். டாக்டரம்மா சிரிக்கவில்லை. அவர் அப்பாவின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவனுக்கு ஒண்ணுமில்ல. நீங்க வந்து உக்காருங்க."

"மேப்பல்லும்மா. நான் வண்டி ஓட்டுறவன். கண்ணு போயிருச்சுன்னா..."

"எங்கப்பாவுக்கு நாந்தான் மேப்பல்ல எடுத்தேன். இப்பயும் ஊசியில நூலு கோக்க எங்கம்மா அவுகளத்தான் கூப்புடுறாக."

அப்பா உட்கார்ந்தார். டாக்டரம்மா பார்த்துக்கொண்டே, "தூங்கி எவ்வளவு நாளாச்சுண்ணே?" என்று கேட்டார். அப்பா விரலை மடக்கி எண்ணத் தொடங்கி, பாதியில் விட்டுவிட்டார். "வேற ஏதாச்சும் நெனப்பு வருதா?" என்று குரலை இறக்கிக் கேட்டார். அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"நீ போயி வெளிய நில்லுலே."

கதவைச் சாத்திவிட்டார்கள். பல்லைக் காட்டுவதற்கு எதற்குக் கதவைச் சாத்த வேண்டும் என்று எனக்குப் புரியவில்லை. ரொம்ப நேரம் கழித்துத்தான் கதவு திறந்தது. அன்று சீழை மட்டும் எடுத்து மாத்திரை கொடுத்தார்கள். வீக்கம் வடிந்ததும் பல்லை எடுக்கும் நாளைச் சொல்லி, அன்றைக்கு அம்மாவையும் கூட்டி வரச் சொன்னார்கள். பல்லு அப்பாவுக்கு, அம்மா எதற்கு என்று அதிலும் எனக்குக் குழப்பம்தான்.

பல்லை எடுத்த அன்று அப்பா வாயில் பஞ்சைக் கடித்தபடி படியிறங்கி, ரோட்டுக்கு வந்ததும் ஒரு கண்ணை மூடினார். எதிரே நின்ற பஸ்ஸைப் பார்த்தார். அப்புறம் அந்தக் கண்ணைத் திறந்து மற்றதை மூடினார்.

"ஏலே, அது என்னாடா போர்டு?"

"குமுளி."

"இந்தக் கண்ணுக்கும் குமுளின்னுதான் தெரியுது. அத்தகிட்ட சொல்லிராத, பாவம், வருத்தப்படும்" என்றார். என் தலையில் ஒரு குட்டும் விழுந்தது. அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். சிரிக்கிறாள் என்று நினைத்தேன்.

அப்பா இப்போதும் ஜீப்தான் ஓட்டுகிறார். அந்த வளைவில் அன்று எதற்கு நின்றீர்கள் என்று ஒருமுறை கேட்டுப் பார்த்தேன். "நெல்லிக்கா நல்லா இருந்துச்சா?" என்று திருப்பிக் கேட்டார். மருந்து டப்பாக்கள் எதற்கு வீடு மாறின, அம்மா ஏன் கையை விடாதே என்றாள், அந்த அக்கா ஏன் என்னை அப்படி இறுக்கிப் பிடித்தார், எதையும் எனக்கு யாரும் சொன்னதில்லை. நானும் இத்தனை வருசமாக அதை நெல்லிக்காய்க் கதையாகவே சொல்லிச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தேன். போன வாரம் கூட்டாளி அனுப்பிய அந்த வரியைப் படித்த பிறகுதான், என்னை அன்று உளவு பார்க்க அனுப்பவில்லை, காவலுக்கு அனுப்பியிருக்கிறார்கள் என்று உறைத்தது.

இவ்வளவையும் எழுதி, போட்டோ எடுத்து, பக்கம் பக்கமாக அவனுக்கு அனுப்பினேன். நீல டிக் விழுந்தது. அப்புறம் ஒரே வரி வந்தது.

"எனக்கும் மேப்பல்லுதாண்டா, வண்டிய எடுத்துட்டு வா."