பூஜை முடிந்த காலையில் ஏழு சிவப்பு விளக்குகள்

“தலையே இல்லாம எதும்மா உருப்படியா வேலை செய்யும்?” என்று மேலாளர் கேட்டார்.

ஓசூரில் நான் வேலை பார்க்கும் உதிரிபாகத் தொழிற்சாலையில், எட்டு கிரைண்டிங் இயந்திரங்களிலும் தலா ஒரு சிறு பெட்டி பொருத்த அனுமதி கேட்டிருந்தேன். நடுவில் சர்வர் கிடையாது. ஒவ்வொரு பெட்டியும் தன் இயந்திரத்தின் அதிர்வைத் தானே கற்றுக்கொள்ளும். புதிதாக ஏதாவது உணர்ந்தால் பக்கத்துப் பெட்டிகளைக் கேட்டுச் சேர்ந்து முடிவெடுக்கும்; பழுது என்று பட்டால் உற்பத்தி லைனையே நிறுத்தும்.

“கிருமி வந்தா மூளையைக் கேட்டா சார் வெள்ளை அணு சண்டை போடுது?” என்றேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்; பதில் தெரிந்தால் வாயை மூடிக்கொள்ள வராது.

அவர் சிரித்தார். “சரி. ஒரு தடவை வெட்டியா லைன நிறுத்துச்சுன்னாலும் கழட்டிருவேன்.”

ஒரு மாதம் பெட்டிகள் கற்றன. பிறகு ஆயுத பூஜை. எல்லோரும் இயந்திரங்களைக் கழுவித் துடைத்து, கிரீஸ் மாற்றி, தேய்ந்த பெல்ட்டுக்குப் பதில் புதிது போட்டு, பொட்டு வைத்தார்கள். விடுமுறை முடிந்த காலையில் ஏழு பெட்டிகளில் சிவப்பு விளக்கு எரிந்தது. லைன் நின்றது. பச்சையாக இருந்தது எட்டாவது மட்டும்: பெட்டி வருவதற்கு முன்பே பேரிங் தேய்ந்து, மாற்று கிடைக்காததால் யாரும் தொடாமல் அப்படியே ஓட்டிவந்த இயந்திரம்.

அதை ஓட்டும் கெலமங்கலத்து அக்காவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “குளிச்சிட்டு வந்த புருசனை யாரோன்னு வெரட்டுதும்மா உன் பொட்டி!”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏழும் ஒன்றையொன்று கேட்டு ஒரே தவறை ஒருமனதாகச் செய்திருந்தன. உடம்பிலும் சிலருக்கு வெள்ளை அணுக்கள் சொந்த மூட்டுகளையே தாக்குமே, அதுதானா இது? ஆனால் அழுக்கைத்தான் நலம் என்று பழக்கியது நான். அணுக்களை வெளியே விடுமுன் சோதித்து, சொந்த உடம்பைத் தாக்குபவற்றை அழிக்கும் உறுப்பு ஒன்று மார்புக்குள் இருப்பதாகப் படித்திருந்தேன். அப்படியென்றால் அதுதான் தலையா? மேலாளர் சொன்னதுதான் சரியா? இன்னும் எனக்கு விளங்கவில்லை.

“சாயங்காலத்துக்குள்ள எல்லாத்தையும் கழட்டிரு” என்றார் மேலாளர்.

“லைன நிறுத்தற ஒயரக் கழட்டிட்டேன் சார். இனி பார்க்க மட்டும்தான் செய்யும்.”

அவர் கழற்றிய ஒயரை ஒரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு நடந்தார். நான் எட்டுப் பெட்டிகளின் நினைவையும் ஏற்கெனவே அழித்திருந்தேன். இந்த முறை எந்த அதிர்வு நல்லது, எது கெட்டது என்று இயந்திரம் ஓட்டுபவரே பெட்டிக்குச் சொல்லிக்கொடுக்க இரண்டு பொத்தான்கள்; அக்காவின் பெட்டியில் அவற்றைப் பொருத்தி முடித்திருந்தேன்.