இருபது பிரதி வாழ்த்துரை

எங்கள் ஊர்க் கலைவிழாவுக்குக் கையேடு போடும் பொறுப்பு என் தலையில் விழுந்ததற்கு ஒரே காரணம், பிழையில்லாமல் எழுத யார் இருக்கிறார்கள் என்று விழாக்குழுத் தலைவர் கேட்டபோது எல்லோரும் தமிழாசிரியையான என்னைத் திரும்பிப் பார்த்ததுதான். தலைவர் கள்ளக்குறிச்சியில் அரிசி ஆலை வைத்திருப்பவர். நல்ல மனிதர்.

"செலவு கம்மியா இருக்கணும் டீச்சர். பாக்க மட்டும் கிராண்டா இருக்கணும்" என்றார்.

இரண்டு நாள் விழா, மூன்று இடங்கள். எந்தக் குழு எங்கே, எத்தனை மணிக்கு என்று கேட்டு எழுத ஒரு வாரம் போனும் கையுமாக இருந்தேன். கல்வராயன் மலையிலிருந்து வரவேண்டிய கும்மிக் குழுவின் தலைவியைப் பிடிப்பதுதான் கஷ்டம். மேட்டில் ஏறினால்தான் அவருக்குச் சிக்னல் கிடைக்கும்.

"எங்க பேரு அச்சுல வருமா டீச்சரம்மா?"

"வரும்ங்க."

"அப்ப முன்னாடியே ஒண்ணு குடுத்தனுப்புங்க. மோளத்தப் பாத்தாலே கண்டக்டரு ஏத்த மாட்டேங்கறாரு. அச்சடிச்சதக் காட்டினா ஒண்ணும் சொல்ல மாட்டாரு."

அச்சகம் நடத்தும் பாயிடம் போனேன். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்துப் பத்திரிகை என்று ஊரில் பாதி விசேஷங்கள் அவர் கை வழியாகத்தான் நடக்கும். எட்டுப் பக்கமென்றால் ஒரே தாளில் அடித்து மடித்துவிடலாம், துளி வீணாகாது என்று ஒரு காகிதத்தை மடித்துக் காட்டினார். எட்டுப் பக்கம், ஆயிரம் பிரதி என்று முடிவானது.

பிறகு வாழ்த்துரைகள் வர ஆரம்பித்தன. தலைவர், துணைத்தலைவர், புரவலர், இன்னொரு புரவலர் என்று ஒவ்வொருவரும் கலர் படத்தோடு அனுப்பினார்கள். கலை நம் உயிர்மூச்சு என்று ஆறு பேர் தனித்தனியாகக் கண்டுபிடித்திருந்தார்கள். அட்டையில் தலைவர் படம், உள்ளே வாழ்த்துகள், பின்னால் விளம்பரங்கள். எல்லாம் போக எனக்கு மிஞ்சியது அரைப்பக்கம். நிகழ்ச்சிப் பட்டியல் அதில் அடங்காது என்று தலைவரிடம் சொன்னேன். அவர் கொஞ்சமும் யோசிக்கவில்லை.

"மற்றும் பல கலை நிகழ்ச்சிகள்னு ஒரு வரி போட்டுடுங்க டீச்சர். இடமும் மிச்சம்."

ஒரு வாரம் போனில் பிடித்த அத்தனை பேரும் அந்த ஒரு வரிக்குள் போய்விட்டார்கள். மேட்டில் நின்று பேசிய அந்தப் பெண்ணுக்கு என்ன பதில் சொல்வது என்று தெரியாமல் அச்சகத்தில் போய் உட்கார்ந்தேன். பாய் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எட்டுப் பக்கத்தையும் பொறுமையாகப் படித்தார்.

"எல்லாம் நல்லாக் கீது டீச்சர். இதுல விழா எங்க கீது?"

அவரே தொடர்ந்தார். "வாழ்த்துரைய யாரு படிக்கப் போறாங்க? எழுதினவங்கதான். அவங்களுக்கு மட்டும் கலர்ல இருபது அடிச்சிடலாம். ஜனங்களுக்கு மஞ்சத் தாள்ல ஒரே ஷீட்டு, ஆயிரம். எந்த ஆட்டம், எங்க, எப்பன்னு மட்டும். செலவு பாதிதான் ஆவும்."

கலர்ப் புத்தகத்தின் மாதிரியைத் தலைவரிடம் காட்டினேன். தன் படத்தை நெடுநேரம் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். கூடவே நோட்டீஸும் அடிக்கிறோம் என்றேன். சரி என்றார். புத்தகம் எத்தனை என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. பிழையில்லாமல் எழுதுபவள் என்று பேரெடுத்த நான் மாதிரியைப் பைக்குள் வைத்துக்கொண்டு வேகமாக நடையைக் கட்டினேன்.

மஞ்சள் தாளில் ஒரு கட்டு எடுத்து, கல்வராயன் மலைக்குப் போகும் வெள்ளிமலை பஸ்ஸில் கொடுத்தனுப்பினேன். விழாவன்று கும்மிக் குழு சொன்ன நேரத்துக்கு வந்து இறங்கியது. மேளத்தை டிரைவர் சீட்டுப் பக்கத்தில் வைத்துக் கொண்டுவந்தார்களாம்.

"கண்டக்டரே படிச்சிப் பாத்துட்டு, சந்தைத் திடல்ல உங்க ஆட்டம், நேரத்துக்குப் போயிடுங்கன்னாரு" என்றார் தலைவி.

சந்தைத் திடலில் நிற்க இடமில்லை. சங்கராபுரத்திலிருந்தெல்லாம் மஞ்சள் தாளும் கையுமாக வந்திருந்தார்கள். அதே நேரம் பெரிய மேடையில் வாழ்த்துரைகளை எழுதியவர்களே வாசித்துக்கொண்டிருந்தார்கள். எதிரே நாற்காலிகள் ஒழுங்காகப் போடப்பட்டிருந்தன.

சிறப்பு விருந்தினருக்குப் புத்தகம் மிகவும் பிடித்துவிட்டது. ஆபீசில் கொடுக்க ஐம்பது வேண்டும் என்றார். தலைவர் என்னைக் கூப்பிட்டார். பக்கத்தில் நின்ற பாய் முந்திக்கொண்டார்.

"ஒண்ணுகூட இல்லீங்க. அம்மாம் டிமாண்டு. எல்லாம் தீந்து போச்சு."

"அவ்ளோவும் போயிடுச்சா?" தலைவரின் முகம் மலர்ந்தது. திடல் பக்கமிருந்து வந்த ஒருவர் கையிலிருந்த மஞ்சள் தாளைப் பார்த்து, "அது இன்னாது?" என்றார்.

"புக்கு கெடைக்காதவங்களுக்குக் குடுத்ததுங்க" என்றார் பாய்.

தலைவர் மனமிரங்கித் தலையசைத்தார்.

அடுத்த குழுக் கூட்டத்தில் எனக்குச் சால்வை போர்த்தினார்கள். ஒரே நாளில் ஆயிரம் புத்தகம் தீர்ந்த விழா இந்தப் பக்கத்தில் வேறெங்கும் உண்டா என்று தலைவர் கேட்டார். அடுத்த வருஷம் பதினாறு பக்கம், இரண்டாயிரம் பிரதி என்று தீர்மானமும் போட்டார்கள். உளுந்தூர்பேட்டையிலிருந்து இரண்டு பேர் தாங்களும் வாழ்த்துரை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். நான் எழுந்து உண்மையைச் சொல்லியிருக்கலாம். சால்வை வேறு கழுத்தில் கிடந்தது. உட்கார்ந்தே இருந்தேன்.

மறுநாள் பாயிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். அவர் பதறவேயில்லை.

"இருபத முப்பதாக்கிடலாம் டீச்சர்" என்றபடி கட்டிங் மெஷின் பக்கம் நடந்தார்.