குவைத் விட்டமினும் என் வாயும்

“…அதனால நீங்க இங்கயே உக்காந்திருங்கக்கா, உள்ள நான் மட்டும் போறேன்” என்றாள் என் தங்கை.

மனநோய் கிளினிக்கின் வாசலில் போட்டிருந்த வாங்கில் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம். அவளுடைய கிளினிக் கொப்பி என் மடியில் இருந்தது. எங்களுக்கு முன்னால் இன்னும் மூன்று நம்பர்கள். “அதனால” என்று அவள் சொன்னதற்கு முன்னால் ஆறு மாதத்துக் கதை ஒன்று கிடக்கிறது. அதில் குற்றவாளி நான். வேறு யாரும் எழுதப்போவதில்லை என்பதால் நானே எழுதிவிடுகிறேன்.

தெஹியோவிட்டப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்து ஆட்கள் நாங்கள். அங்கே பிள்ளைக் காம்பராவில் நான் ஆயம்மா. தாய்மார் வேலைக்குப் போகும்போது கைப்பிள்ளைகளை என்னிடம் விட்டுவிட்டுப் போவார்கள். ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றுபோனது. மிச்சத்தையெல்லாம் சாமான் சுற்றி வந்த பத்திரிகைத் தாளிலும், அவிசாவளை பஸ்ஸிலும், கடை வாசலிலும் படித்துக்கொண்டேன். சிங்களமும் அப்படித்தான் வந்தது; தடங்கலில்லாமல் பேசுவேன். அதனால் லயத்தில், ஒட்டிக் கட்டிய எங்கள் காம்பரா வரிசையில், யாருக்கு ஆஸ்பத்திரி, பொலிஸ், அரசாங்கக் கச்சேரி என்றாலும் துணைக்கு என்னைத்தான் கூப்பிடுவார்கள். அடுத்த காம்பராக்காரி சொல்வாள்: “ஆயம்மாவ கூட்டிட்டுப் போனா நோயாளி வாயத் தொறக்கவே தேவல. நாக்க நீட்டிக் காட்ட மட்டும் தொறந்தா போதும்.” மனிதர்கள் சொல்லும் வார்த்தைகள் மேல் எனக்குப் பெரிய ஆசை. ஒன்று கேட்டால் அதைப் பத்துப் பேரிடம் சொல்லாமல் இருக்க மாட்டேன். இதையும் ஒரு பாராட்டாக எடுத்துக்கொண்டு எல்லாரிடமும் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

தங்கை என்னைவிடப் பத்து வயது இளையவள். ரப்பர் மரத்தில் பால் எடுக்கும் பால்வெட்டுக்காரி. அவள் புருஷன் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை செய்கிறார், மாதத்துக்கு ஒரு முறை வருவார். போன மாரியில்தான் அவளுக்கு அது தொடங்கியது. தலைக்கு எண்ணெய் வைக்கவில்லை. அடுப்பில் பானையை ஏற்றிவிட்டு அரிசி போட மறந்து நிற்பாள். கேட்டால், “நெஞ்சுக்குள்ள நனைஞ்ச சாக்கு ஒண்ணு கெடக்கிற மாதிரி இருக்குக்கா” என்பாள். அந்தச் சொல்லையும் நான் நான்கு பேரிடம் சொன்னேன். எவ்வளவு பொருத்தமாகச் சொல்கிறாள் பாருங்கள் என்று மெச்சினேனே தவிர, அந்தச் சாக்கை அவள் சுமந்துகொண்டிருக்கிறாள் என்று நினைக்கவில்லை.

தோட்டத்து மருந்துக்காரர்தான் துண்டு எழுதிக் கொடுத்து பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அங்கே ஒரு பெண் டொக்டர். பொறுமையாகக் கேட்டார், இரத்தம் எடுத்துச் சோதித்தார். மனச்சோர்வு என்றார். இரவில் குடிக்க இரண்டு வகை மாத்திரை, எங்கள் பேச்சில் குளிசை, தந்தார். இரத்தத்தில் இரும்புச் சத்தும் குறைவு, விட்டமினும் குறைவு, அதற்கும் குளிசை தருகிறேன், எல்லாவற்றையும் சேர்த்துக் குடிக்க வேண்டும் என்றார். “முதல் சில கிழமைக்குக் காலையில் தூக்கம் தள்ளும். தாங்க முடியாவிட்டால் வந்து சொல்லுங்கள், மாற்றித் தரலாம்.” இதையெல்லாம் நான்தான் தமிழில் சொன்னேன். ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். இன்று என்னைக் குத்துவதும் அதுதான். விளங்காமல் செய்த தப்பு என்று சொல்லித் தப்பிக்க எனக்கு வழியில்லை.

பால்வெட்டு வேலை விடியலோடு தொடங்குகிற வேலை. வெயில் ஏறுவதற்கு முன்னால் வெட்டினால்தான் பால் ஓடும். வெட்டு பட்டையோடு நிற்க வேண்டும். கத்தி கொஞ்சம் ஆழப் போனாலும் மரத்தில் காயம், அந்த இடத்தில் பட்டை ஒழுங்காகத் திரும்பி வளராது. குளிசை குடித்த தங்கை, விடியலில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்துக்குப் பிந்தி வந்தாள். ஒரே கிழமையில், ஏழு நாளைக்குள், ஏழெட்டு மரத்தில் காயம் பண்ணினாள். கங்காணி எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டார்: “ஏம்மா, பால் வெட்டுறியா, வெறகு வெட்டுறியா?” லயம் முழுக்கச் சிரித்தது. கதை பிள்ளைக் காம்பரா வரைக்கும் வந்து, நானும் கொஞ்சம் சிரித்தேன்.

அன்று பின்னேரம் அவள் என் காம்பராவில் வந்து அழுதாள். “கைல கத்தி இருக்கிறதே தெரியலக்கா. மரம்கூட மங்கலாத் தெரியுது.”

அந்த நேரத்தில்தான் குவைத்தில் வீட்டு வேலைக்குப் போயிருக்கும் என் மகள் அனுப்பிய பார்சல் வந்திருந்தது. சவர்க்காரம், பால்மா, அதோடு நான்கு பெரிய போத்தல் குளிசை: பல விட்டமின், மெக்னீசியம், மீனெண்ணெய், துத்தநாகம். வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒருவர் போனில் பேசும் வீடியோவை அதற்கு முந்திய நாள்தான் பார்த்திருந்தேன். கவலை என்பது நோயே இல்லை, உடம்பில் சத்துக் குறைவு, அவ்வளவுதான் என்று அவர் அடித்துச் சொன்னார். எனக்கு அது சரி என்று பட்டது. பிள்ளைக் காம்பராவில் பிள்ளைகளுக்கு விட்டமின் கொடுக்கும் நாளில் மிட்வைஃப் மிஸ்ஸிக்கு நான்தான் கைத்துணை. பிள்ளைத்தாய்ச்சிகளின் இரும்புக் குளிசையை என் கையாலேயே எண்ணிக் கொடுத்திருக்கிறேன். வெளுத்துப்போன பிள்ளைகள் சிவந்து வருவதைப் பார்த்தவள் நான். விட்டமின் விஷயத்தில் எனக்குத் தெரியாதது என்ன இருக்கிறது என்று நினைத்தேன்.

“கிளினிக் குளிசைய நிப்பாட்டு” என்றேன். “அது மயக்கத்துக்குக் குடுக்கிறது. ஒனக்குச் சத்துதான் இல்ல. டொக்டரே சொன்னாங்கதானே? இத குடி.”

“டொக்டர் ரெண்டையும் சேத்துத்தானே குடிக்கச் சொன்னாங்க?”

“அவங்க என்ன விடியக்காலம் பெரட்டுக்கு வந்து நிக்கிறவங்களா? நான் சொல்றேன்ல.”

அவள் கேட்டுக்கொண்டாள். அக்கா சொன்னால் சரியாக இருக்கும் என்பது அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே உள்ள பழக்கம். இன்னொன்றும் இருந்தது. கிளினிக் குளிசையை அவள் அரிசி டின்னுக்குள் மறைத்து வைத்திருந்தாள், யாராவது பார்த்தால் பைத்தியக் குளிசை என்பார்களே என்று. குவைத் போத்தலை சாமிப் படத்துக்குப் பக்கத்தில், எல்லாரும் பார்க்க வைத்தாள். விட்டமினுக்கு வெட்கம் இல்லை.

முதல் இரண்டு கிழமை அவள் நன்றாகத்தான் இருந்தாள். தூக்கம் விட்டது, பெரட்டுக்கு முதல் ஆளாக வந்தாள், வெட்டும் சரியானது. நான் தலைகால் தெரியாமல் ஆடினேன். “என் தங்கச்சியப் பாருங்க!” என்று லயத்துக்கே சொன்னேன். உடனே வந்துவிட்டார்கள். ஒருத்திக்கு நல்லது செய்த மருந்தில் ஆளுக்கு இரண்டு கேட்டு வாங்குவது எங்கள் லயத்து வழக்கம். “எனக்கும் மனசு சரியில்ல ஆயம்மா, நேத்து மருமக கத்திட்டா” என்று ஒருத்தி. “மனசுக்குன்னா மூணு குடுங்க, எனக்கு மனசு பெருசு” என்று இன்னொருத்தி. நான் டொக்டர் மாதிரி வாசலில் உட்கார்ந்து கையில் கையில் கொட்டினேன்.

அடுத்த கிளினிக் நாள் வந்தது. டொக்டர் கொப்பியைப் பார்த்துக்கொண்டே, “பெஹெத் பொனவாத?” என்றார். மருந்து குடிக்கிறாளா என்று கேட்கிறார். கேட்டது தங்கையை. அவள் வாயைத் திறக்கும் முன்னால் நான் சொன்னேன்: “ஒவ் டொக்டர், ஹொந்தட்ட பொனவா.” ஆமாம், ஒழுங்காகக் குடிக்கிறாள். காலையில் தூக்கம் எப்படி என்று கேட்டார். இப்போது ஒன்றும் இல்லை என்றேன். அதுவும் உண்மைதானே என்று மனதுக்குள் ஒரு சமாதானம். தங்கை என் முகத்தைப் பார்த்தாள். டொக்டர் சிரித்துக்கொண்டே கொப்பியில் எழுதினார். அந்த அறையில் நோயாளி ஒரு வார்த்தையும் பேசவில்லை.

பிறகு அவள் இறங்கத் தொடங்கினாள். மெதுவாக இறங்கியதால் நான் கவனிக்கவில்லை. கவனித்தபோது மெக்னீசியத்தை ஒன்றிலிருந்து இரண்டாக்கினேன். சாப்பாடு குறைந்தது. நனைந்த சாக்கு என்றெல்லாம் இப்போது சொல்வதில்லை, எதுவுமே சொல்வதில்லை.

ஒரு நாள் பால் நிறுக்கும் நேரத்துக்கு அவள் வரவில்லை. பிள்ளைக் காம்பராவுக்கு ஆள் ஓடி வந்தது. கைப்பிள்ளையை இன்னொருத்தியிடம் கொடுத்துவிட்டு மலைக்கு ஏறினேன். அவளுடைய மரவரிசையின் கடைசி மரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். வாளியில் பால் கட்டிப்போயிருந்தது. கொஞ்சம் தள்ளி கங்காணி நின்றார். விறகு வெட்டுறியா என்று கேட்ட அதே மனிதர். அவளுடைய பால்கத்தியைத் தன் சட்டை முனையில் சுற்றி நெஞ்சோடு பிடித்துக்கொண்டிருந்தார்.

“ஆயம்மா” என்றார். “தங்கச்சி கூப்பிட்டு இத என் கைல குடுத்திச்சு. திருப்பிக் கேட்டாலும் குடுத்துறாதீங்கன்னு சொல்லுது.”

பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம் த்ரீவீலரில் அவள் தலை என் தோளில் கிடந்தது.

அதே டொக்டர்தான் வந்தார். கொப்பியைப் புரட்டினார். ஒழுங்காகக் குடிக்கிறாள் என்று அவர் கையெழுத்திலேயே இருந்தது. இவ்வளவு மருந்து குடித்தும் இந்த நிலைமை என்றால் அளவைக் கூட்டவேண்டும் என்று நேர்ஸிடம் சொன்னார். எனக்கு விளங்கியது. தங்கைக்கும் விளங்கியிருக்கிறது. நான் வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை. ஊருக்கெல்லாம் பேசிய வாய். அப்போதுதான் கட்டிலில் இருந்து அவள் உடைந்த சிங்களத்தில் சொன்னாள்: “டொக்டர், மம பிவ்வே நே.” நான் குடிக்கவில்லை. “மமய் நவத்துவே.” நான்தான் நிறுத்தினேன்.

நான்தான் என்று அவள் தன்னைச் சொன்னாள். பக்கத்தில் நின்ற நான் அதைத் திருத்தவில்லை. ஒரு இரவு முழுக்க அதைத் திருத்தாமல் இருந்தேன்.

மறுநாள் டொக்டர் வார்ட்டுக்கு வருமுன் வாசலில் காத்திருந்து எல்லாவற்றையும் சொன்னேன். வீடியோ, போத்தல், நான் சொன்ன பொய், எல்லாம். சிங்களம் எனக்குத் தட்டுத்தடுமாறியது. அவர் திட்டினால் நன்றாக இருந்திருக்கும். திட்டவில்லை. விட்டமின் கெட்டதில்லை, உங்கள் தங்கைக்கு அதில் குறைவு இருக்கிறது, அதுவும் வேண்டும். ஆனால் அந்த மருந்தின் வேலையை இது செய்யாது, சொல்லாமல் நிறுத்தவும் கூடாது என்றார். போத்தல்களை வாங்கிப் படித்து, நான்கில் மூன்று போத்தல் வேண்டாம், ஒன்று போதும் என்று சொன்னார். “காலைத் தூக்கம் பற்றி அன்றைக்கே சொல்லியிருந்தால் குளிசையைக் குடிக்கும் நேரத்தை மாற்றியிருப்பேன்” என்றார். அவ்வளவுதான். ஒரு வாக்கியம் சொன்னால் தீர்ந்திருக்கும் விஷயம் அது. ஒரு வாக்கியத்தைச் சொல்லாமல் விட்டது ஊரிலேயே அதிகம் பேசுகிறவள்.

வார்ட்டிலிருந்து அவளைக் கூட்டி வரும்போது பஸ்ஸில் கேட்டேன், “ஏன்டி பழிய ஒம் மேல போட்டுக்கிட்ட?”

“நாளைக்கும் நீங்க எத்தன பேரக் கூட்டிட்டு வரணும்? இந்தம்மா பொய் சொல்றவங்கன்னு அவங்க நெனச்சிட்டா, மத்தவங்க கதி?”

இதை மட்டும் நான் லயத்தில் யாரிடமும் சொல்லவில்லை.

குளிசை நேரம் இரவிலிருந்து முன்னேரத்துக்கு, பொழுது சாயும் நேரத்துக்கு, மாறியது. அவள் தேறி வருகிறாள், முழுக்க இல்லை. கங்காணி அவளைப் புல்லு வெட்டும் கூட்டத்தில் போட்டிருக்கிறார், பெரட்டில் அவள் பேரைக் கூப்பிடும்போது குரலைத் தாழ்த்திக்கொள்கிறார். லயத்தில் யாராவது வந்து ‘மனசு சரியில்ல, ரெண்டு குடுங்க’ என்றால் நான் கொடுப்பதில்லை. “ஆயம்மாவுக்குக் கை சுருங்கிப் போச்சு” என்கிறார்கள். சொல்லட்டும்.

இன்று வாங்கில் உட்கார்ந்ததும் நான் வழக்கம்போல ஆரம்பித்தேன்: சாப்பாடு பற்றி இதைச் சொல்வேன், தூக்கம் பற்றி அதைச் சொல்வேன். அவள் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டுச் சொன்னாள்:

“அக்கா, அன்னைக்கு நான் நாலு வார்த்த சொன்னேன், அவங்களுக்கு வெளங்கிச்சுதானே? நீங்க பக்கத்துல இருந்தா எனக்கு ஒங்க மொகத்தப் பாத்துத்தான் பேச வருது. ஒங்களுக்கு வருத்தமா இருக்குமோன்னு பாதிய முழுங்கிர்றேன். அதனால…”

நம்பரைக் கூப்பிட்டார்கள். என் கால் தானாக எழுந்தது. தங்கை என் மடியிலிருந்து கொப்பியை எடுத்துக்கொண்டு உள்ளே போய், திரும்பிப் பார்க்காமல் கதவைச் சாத்திக்கொண்டாள்.