கைமாறாத சமாதானம்

தென்காசியில் மழையைக்கூட முழுசாகப் பெய்ய விடமாட்டார்கள். ஆனி பிறந்துவிட்டால் வெயில் ஒரு பக்கம் அடிக்கும், குற்றாலத்து மலையிலிருந்து சாரல் ஒரு பக்கம் வரும். குடை பிடித்தால் சிரிக்கிறார்கள், பிடிக்காவிட்டால் நனைகிறோம். கொடியில் போட்ட துணி மூன்று நாளானாலும் காய்வதில்லை. அந்த ஈரத்தையே உடுத்திக்கொண்டு, "சீசன் என்னமா இருக்கு!" என்று தெருவே பூரித்துப் போகிறது. ரங்கூனில் மழை என்றால் மழை. உள்ளே இருப்பவர் இருப்பார், வெளியே இருப்பவர் நனைவார், சந்தேகத்துக்கு இடமில்லை. என்னைப் போலக் கப்பலேறி வந்து திருச்சியிலோ மதுரையிலோ ஒண்டியிருப்பவர்களுக்கு நான் சொல்வது புரியும். இன்னும் ரங்கூனிலேயே இருப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: இங்கே உங்களுக்காக யாரும் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை.

என் அப்பாவும் பெரியப்பாவும் சேர்ந்து தென்காசிக்குப் பக்கத்தில் குத்துக்கல்வலசையில் ஒரு வீடு கட்டினார்கள். அப்பா பர்மாவுக்குப் போய்விட்டார். நான் பிறந்தது, படித்தது, கல்யாணம் பண்ணியது எல்லாம் ரங்கூனில்தான். ஆனாலும் "ஊர்ல நமக்குப் பாதி வீடு இருக்கு" என்று அப்பா சொல்லச் சொல்லக் கேட்டு, பார்த்தேயிராத அந்த வீட்டுக்கு மனதுக்குள் வெள்ளையடித்து வைத்திருந்தேன். கடைகளையெல்லாம் அரசாங்கம் எடுத்துக்கொண்டு எங்களைப் போகச் சொன்னபோது, என் கணவருக்குக் காகிதங்கள் சரியாகவில்லை. அவரை விட்டுவிட்டு இரண்டு பெண்பிள்ளைகளோடு நான் மட்டும் வந்தேன். கதவைத் திறந்தது பெரியப்பா மகனின் மனைவி ஜெபமணி மதினி. எங்களைப் பார்ப்பதற்கு முன்னால் எங்கள் மூட்டைகளை எண்ணினாள். பிறகு கொல்லையில் விறகு அடுக்கும் அறையைக் காட்டினாள். "இங்கன இருந்துக்கோ எஸ்தரு. ஒரு மாசம் ரெண்டு மாசந்தான?" என்றாள். அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்றுவரை அப்படித்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

ரங்கூனை மட்டும் நான் தூக்கிப் பிடிக்கிறேன் என்று நினைக்க வேண்டாம். பதினைந்து வருஷம் பக்கத்து வீட்டில் இருந்த மா கின், தினமும் வேலிக்கு மேலே எட்டி "சாப்பிட்டாயா?" என்று கேட்டவள், எங்கள் வண்டி தெருமுனை திரும்புவதற்குள் என் ரோஜாத் தொட்டிகளைத் தன் வீட்டுக்குள் தூக்கிக்கொண்டு போனாள். துறைமுகத்தில் சோதனை போட்டவன் என் காதிலிருந்ததைக் கழற்றி வாங்கினான். ஙாப்பி ஜாடியை மட்டும் திறந்து பார்த்துச் சிரித்தான். "இது உங்கள் நாட்டில் கிடைக்காது, கொண்டு போ" என்றான். ஙாப்பி என்றால் மீனை உப்பில் ஊறவைத்து அரைத்த விழுது. நாற்றம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரு துளி குழம்பில் கரைத்தால் என் பிள்ளைகள் இரண்டு கவளம் கூடுதலாகச் சாப்பிடும். வந்த மூன்றாம் நாள், நான் கிணற்றடியில் இருந்தபோது, ஜெபமணி மதினி அந்த ஜாடியை எடுத்துப்போய் சாக்கடையில் கவிழ்த்துவிட்டாள். "எலி செத்துக் கெடக்குன்னுல்லா நெனச்சேன்" என்றாள். மூடி போட்டு, துணி சுற்றி, கயிறு கட்டிய ஜாடிக்குள் எலி எப்படிச் சாகும்?

கப்பலில் எனக்குச் சமாதானம் இருந்தது. இதைச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். காதில் ஒன்றுமில்லை, கணவர் கூட இல்லை, மேல்தளத்தில் ஆயிரம் பேர் வாந்தியெடுத்துக்கொண்டிருக்கிறார்கள். நான் பிள்ளைகளை இரண்டு பக்கமும் அணைத்துக்கொண்டு, "ஆண்டவரே, உம்முடைய கை" என்று மட்டும் சொல்லிவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன். எல்லாம் போன பிறகும் போகாத ஒன்று நெஞ்சுக்குள் கனமாக உட்கார்ந்திருந்தது. அதை நான் தொலைத்தது குத்துக்கல்வலசையில், சொந்த வீட்டில். இந்தக் கட்டுரையில் எனக்கிருக்கும் வழக்கு அது ஒன்றுதான்.

ரங்கூனில் எங்கள் வேதக்கோயிலில் ஐயர், அதாவது பாதிரியார், பீடத்தில் நின்று "சமாதானம் உங்களோடிருப்பதாக" என்று கூறுவார், நாங்கள் மொத்தமாகப் பதில் சொல்வோம். யாரும் யாரையும் தொடுவதில்லை, அதனால் விடுபட்டவர் என்று யாரும் இல்லை. இங்கே புது ஆராதனை முறை. மாதம் ஒருமுறை அப்பமும் ரசமும் பெறும் திருவிருந்துக்கு முன்னால் ஐயர் கொடுக்கும் சமாதானம் கைக்குக் கை வரவேண்டும். உள்ளங்கையோடு உள்ளங்கை வைத்து, மற்றக் கையால் மூடி, வாங்கியவர் அடுத்தவருக்குக் கொடுப்பார். பாயில் பெண்கள் பக்கம் மதினிக்கு அடுத்து நான், எனக்கு அடுத்து சுவர். முதல் மாதம் மதினி வாங்கினாள். நான் கைகளை நீட்டினேன். அவள் அப்படியே பின்னால் திரும்பிப் பின்வரிசைக்காரிக்குக் கொடுத்துவிட்டாள். இரண்டாம் மாதமும் அப்படியே. ஐந்து மாதம் நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். பின்வரிசையில் யாருக்கும் தெரியாது என்று சொல்லமுடியாது. எல்லோருக்கும் தெரியும். பர்மாக்காரி பாதி வீடு கேட்க வந்திருக்கிறாள் என்பதும் எல்லோருக்கும் தெரியும்.

நான் யாரோடும் பேசாமல் ஆனேன். பேசினால் கடித்தேன். ஐயர் மனைவி என் தோளைத் தொட்டு, "ஒங்களுக்கு மனசு கொதிக்கி. குத்தாலத்துக்குப் போயி அருவியில தலையக் குடுத்துட்டு வாங்க, எல்லாம் அடங்கிரும்" என்றார். பைத்தியம் பிடித்தவர்களையும் அங்கேதான் கொண்டுபோய் நிறுத்துவார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். போனேன். பேரருவியில் பெண்கள் பக்கம் தள்ளுமுள்ளு. தண்ணீர் தலையில் இடித்தது. கால் வழுக்கியபோது யாரோ ஒருத்தி என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்து நிறுத்தினாள். யார், எந்த ஊர், யாருடைய மகள் என்று ஒன்றும் கேட்கவில்லை. வீடு வந்து சேர்ந்தபோது காய்ச்சலும் பழைய கோபமும் சேர்ந்தே இருந்தன.

கடைசியில் ஐயரிடமே போனேன். "ஐயா, மதினி எனக்குக் கை குடுக்க மாட்டேங்காங்க."

"சின்ன விஷயம்மா. நீங்க உள்ளுக்குள்ள சமாதானமா இருந்தாப் போதும்லா."

"உள்ளுக்குள்ள இருந்ததத்தான் ஐயா அந்தம்மா பறிச்சிட்டாங்க."

அவர் நல்ல மனிதர், ஆனால் சபையில் சண்டை என்றால் அவருக்குப் பயம். எனக்கு அவர்மேலும் கோபம் வந்தது.

அடுத்த திருவிருந்து ஞாயிறு அவர் வழக்கத்தை மாற்றினார். சமாதானத்தைச் சுவரோரத்திலிருந்து ஆரம்பிக்கச் சொல்லி, தனக்கு உதவியாக இருக்கும் உபதேசியாரின் மனைவியை அனுப்பினார். அந்த அம்மாள் நேராக என்னிடம் வந்தார். ஆறு மாதத்தில் முதல்முறையாக என் உள்ளங்கையில் இன்னொரு உள்ளங்கை பட்டது. கண் கலங்கியது. திரும்பினேன். ஜெபமணி மதினி இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டிருந்தாள்.

நான் கொடுக்கவில்லை. கையை மடியில் வைத்து மூடிக்கொண்டேன். சாக்கடையில் கவிழ்ந்த ஜாடி, விறகு அறை, சுவரைப் பார்த்த ஐந்து மாதம், எல்லாம் அந்த மூடிய கைக்குள் இருந்தன. நன்றாக வேண்டும் என்று நினைத்தேன். இனித்தது, பொய் சொல்ல மாட்டேன். மதினிக்கு அப்பால் பாய் நிறையப் பெண்கள் திரும்பி உட்கார்ந்து காத்திருந்தார்கள். கைக்குழந்தைக்காரி ஒருத்தி, கண் தெரியாத ஒரு பாட்டி, என்னோடு எந்த வழக்கும் இல்லாதவர்கள். என்னால் அவர்கள் யாருக்கும் எதுவும் போகவில்லை. பாட்டு ஆரம்பித்தது, ஆராதனை மேலே நகர்ந்தது. பகையோடு வாங்கக்கூடாது என்பதால் நான் எழுந்து திருவிருந்துக்குப் போகவில்லை. மதினியும் போகவில்லை. வாசலில் செருப்புப் போடும்போது, "ஏட்டி, நான் கைய நீட்டிக்கிட்டுத்தான இருந்தேன்" என்றாள். குரலில் சண்டை இல்லை. அதுதான் என்னைக் கொன்றது.

அன்று முழுவதும் என்னால் ஜெபிக்க முடியவில்லை. பரமண்டல ஜெபத்தில், பிறரை நாங்கள் மன்னிக்கிறதுபோல எங்களையும் மன்னியும் என்கிற இடம் வரும்வரை சொல்வேன், அதற்கு மேல் நாக்கு வராது. இத்தனை மாதம் அவள் என் சமாதானத்தைத் திருடிவிட்டதாகப் புலம்பினேன். இப்போது அவளுக்குச் சேரவேண்டியது என் கையில் இருந்தது. அதை வைத்துக்கொண்டு எனக்கு ஒரு நிமிஷம்கூட நிம்மதியில்லை.

திங்கட்கிழமை காலை மதினி அடுப்படியில் உலைக்கு அரிசி களைந்துகொண்டிருந்தாள். நான் நிலைப்படியில் நின்று கைகளை நீட்டினேன்.

"என்னட்டி இது? அதெல்லாம் கோயில்லல்லா."

"கோயில்ல குடுக்கலியே மதினி. நேத்து வாங்கினது. ஒங்களுக்குள்ளது."

மதினி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். கையை உதறி, சேலையில் துடைத்துக்கொண்டு வந்தாள். அரிசித் தண்ணீரின் குளிர்ச்சியோடு அவள் உள்ளங்கை என் உள்ளங்கையில் உட்கார்ந்தது. நான் மற்றக் கையால் மூடினேன், அவளும் மூடினாள். சொல்லவேண்டிய வார்த்தையைச் சொன்னேன். அவள் கையைப் பார்த்துக்கொண்டே மெதுவாகக் கேட்டாள்: "வீட்டுல பங்கு கேக்க மாட்டேல்லா?"

"கேப்பேன் மதினி" என்றேன்.

எனக்கு அந்த வீட்டை விட்டால் வேறு ஊர் இல்லை. நிலைப்படிக்கு உள்ளே அவளும் வெளியே நானுமாக நின்றிருந்தோம். அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை, நானும் விடவில்லை.