இழுத்தால் அவிழும் கெட்டு

மணக்குடிக் காயலில் அக்கரைக்கு ஆளேற்றும் வள்ளத்துக்கு வருமுன் பகவதியப்பன் சுசீந்திரத்தில் மாட்டுவண்டி ஓட்டியவர். காளைகள் இரண்டும் கோமாரியில் செத்ததும், ஐம்பத்து மூன்றாம் வருஷம் இங்கே வந்தார். கழி ஊன்றுவது சீக்கிரமே கைவந்துவிட்டது. கயிறுதான் எமன். கரைத்தூணில் மாட்டுக்குப் போடும் முடிச்சையே போடுவார். கயிறு நனைந்து ஊறிவிட்டால் பல்லால் கடித்தாலும் அவிழாது. வெற்றிலைக் கட்டோடு தினமும் அக்கரை போகிற நான், வெயிலில் நின்று வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கிறேன்.

மீன்கூடையோடு வரும் வியாகுலம்மாளுக்கு என்னைவிடப் பொறுமை குறைவு. ஆண்பிள்ளை இல்லாத கட்டுமரக்காரர் வீட்டில் கயிறு பிடித்து வளர்ந்தவள். ஒருநாள் கூடையை இறக்கிவைத்துவிட்டாள்.

"வண்டிக்காரரே, மாட்டக் கெட்டுதது ஓடாம இருக்க. வள்ளத்தக் கெட்டுதது நெனச்ச நேரம் விடதுக்கு. இங்க பாரும்."

தூணில் இரண்டு சுற்று. பிறகு நுனியை முழுதாகக் கோக்காமல், மடித்து வளையமாகச் செருகி, வாலை வெளியே விட்டாள். வாலை இழுத்ததும் கட்டு கழன்று விழுந்தது.

"இழுத்தா அவுறுத கெட்டு என்னத்துக்கு யக்கா ஆகும்?" என்றார் பகவதியப்பன்.

கற்றுக்கொண்டார், நம்பவில்லை. அதன்மேல் ஒரு மாட்டுக்கட்டும் போட்டுவைப்பார். வியாகுலம்மாள் தலையில் அடித்துக்கொள்வாள்.

ஐப்பசி மழையில் காயல் தளும்பி நின்ற ஒரு காலையில், நானும் வியாகுலம்மாளும் மற்றவர்களும் பாதி தூரம் போகும்போது பொழி உடைந்தது. கடலை மறித்துக் கிடந்த மணல்திட்டு வாய்பிளந்ததும் தண்ணீரெல்லாம் அந்தப் பக்கம் ஓடியது. கழி தரை தொடவில்லை. நான் வள்ளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். ஒழுக்கு எங்களைக் கரையோரமாக அடித்துக்கொண்டு போக, கடைசித் தூணை உரசிய கணத்தில் பகவதியப்பன் கயிற்றைச் சுற்றினார். இரண்டு சுற்று, ஒரு செருகல். அதற்குமேல் நேரமில்லை.

கயிறு விண்ணென்று இறுகியது. காயல் முழுவதும் சேர்ந்து அந்தச் சின்ன வளையத்தை இழுத்தது, அது அசையவில்லை. நாங்கள் ஒவ்வொருவராகக் கரைக்குத் தாவினோம். பகவதியப்பன் மட்டும் அந்த முடிச்சைவிட்டுக் கண்ணெடுக்காமல் வள்ளத்திலேயே நின்றார். வெற்றிலைக் கட்டுக் கட்டியே பிழைக்கிறவன் நான். அன்றுதான் ஒரு கட்டைப் பார்த்துக் கும்பிடத் தோன்றியது.

தூண் சாயத் தொடங்கியது. கரையில் நின்றவர்கள் வள்ளத்தின் இன்னொரு கயிற்றைப் பிடித்துக்கொண்டு, "அவுத்து விடும் வே!" என்று கத்தினார்கள். அவர் இரண்டு விரலால் வாலை இழுத்தார். அவ்வளவுதான், கழன்றது. எல்லோருமாக வள்ளத்தைக் கரையேற்றினோம்.

அவர் மணலில் உட்கார்ந்து தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"யக்கா, அத நானா கெட்டுனேன்?"

யாரையும் வாய்விட்டு மெச்சாத வியாகுலம்மாள், நனைந்த முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"நீருதான். எங்க எல்லாத்தையும் நீருதான் பிடிச்சு நிறுத்துனீரு."