யோகம் அக்காவின் மகனுக்கு ஒரு முழுக்கு

அடுத்த கிழமை கும்பமேளாவுக்குப் போகிறேன். வர முடியாதவர்கள் பெயர்களைத் தந்து, கங்கையில் தங்களுக்காகவும் செய்யச் சொல்கிறார்கள். உயிரோடு இருப்பவர்களுக்கு ஒரு முழுக்கு, இறந்தவர்களுக்கு எள்ளும் தண்ணீரும்.

இன்று லண்டன் டூட்டிங் மரக்கறிக் கடையில் யோகம் அக்கா மகனின் பெயரைத் தந்தார். ஆறு வருடத்துக்கு முன் இலங்கையில், ஊரில் வைத்து இராணுவத்தினர் அவனை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். பிறகு ஒரு தகவலும் இல்லை.

"திதி என்ன அக்கா?" என்று கேட்டுவிட்டேன்.

எடுத்த முருங்கைக்காயைத் திரும்ப வைத்தார்.

"அவனுக்கு முழுக்குத்தான் பிள்ளை. எள்ளு வேண்டாம்."

"ஓம் அக்கா."

"தண்ணி குளிருமோ?"

"தை மாசம்தானே. நல்லாக் குளிரும்."

"அப்ப கெதியாக் கரை ஏறிவிடு. அவனுக்குச் சளி பிடிக்கும்."

இன்னும் யாருக்காகவாவது முழுக வேண்டுமென்றால் எழுதுங்கள். பெயர் மட்டும் போதும். நான் ஒன்றும் கேட்கமாட்டேன்.