வாய்மொழித் தேர்வில் ஒரு காபி

கல்லூரியில் மாலை வகுப்பாக இத்தாலிய மொழி படிக்கச் சேர்ந்தேன் என்றதும், நாகல் நகரில் எங்கள் தெரு ஒரு முடிவுக்கு வந்துவிட்டது: இவள் கன்னியாஸ்திரி ஆகப்போகிறாள். நாங்கள் வேதக்கார, அதாவது கத்தோலிக்கக் குடும்பம். இத்தாலி என்றால் ரோம், ரோம் என்றால் மடம். சித்தி வீட்டுக்கே வந்து, "ஏம்மா, மடத்துக்குப் போறதுன்னா எங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?" என்று கண் கலங்கினாள். எனக்கு எரிச்சலான எரிச்சல். அந்த மொழியைக் கேட்கப் பிடித்திருக்கிறது என்பதை ஒருவரும் ஒரு காரணமாகவே எடுத்துக்கொள்ளவில்லை.

அப்பா ஹார்டுவேர் கடைக்காரர். சுற்றி வளைக்க மாட்டார். "இந்த வருசம் தேறுனா மேல படி. இல்லன்னா பேசாம பேங்க் கோச்சிங்ல சேந்துரணும்" என்றார். சரி என்று தலையாட்டிவிட்டேன்.

ரோமில் பல வருடம் இருந்துவிட்டு வந்த ஒரு சிஸ்டர்தான் எங்களுக்குப் பாடம் எடுத்தார். எழுத்துத் தேர்வு நன்றாகவே போனது. வாய்மொழித் தேர்வுக்கு இத்தாலியிலிருந்து ஒரு அம்மையார் வீடியோவில் வந்தார். அவர் வீட்டுக்கு நான் விருந்தாளியாகப் போயிருப்பதாக வைத்துக்கொண்டு இருவரும் பேச வேண்டும்.

"காபி குடிக்கிறாயா?" என்று இத்தாலியத்தில் கேட்டார்.

"வேண்டாம், நன்றி."

"கொஞ்சமாவது?"

"ஐயோ வேண்டாம், இப்போதுதான் குடித்தேன்."

"சரி, இன்னொரு நாள் பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டு மதிப்பெண் போடக் குனிந்துவிட்டார்.

எங்கள் ஊரில் எது கொடுத்தாலும் முதலில் வேண்டாம் என்பதுதான் மரியாதை. அவர்கள், "அட, செத்த நேரம் உக்காருங்க, ஒரு வாய் குடிச்சா என்ன" என்று வற்புறுத்த வேண்டும். நாம் போனால் போகிறதென்று வாங்கிக்கொள்ள வேண்டும். கேட்டவுடன் கை நீட்டினால், காணாததைக் கண்டதுபோல் வாங்குகிறாள் பார் என்பார்கள். இத்தாலியத்தில் பேசினாலும் அந்த வீட்டுக்கு நான் நாகல் நகர்க்காரியாகத்தான் போயிருந்தேன்.

இரண்டே வரியில் என் தேர்வு முடிந்துவிட்டது. கோச்சிங் சென்டர் கண்முன் வந்து நின்றது. அப்புறம் கோபம் வந்தது.

"இருங்கள், இன்னும் ஒரு தடவை கேட்க வேண்டும்!" என்று இத்தாலியத்திலேயே கத்திவிட்டேன். பக்கத்தில் இருந்த சிஸ்டர் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். விருந்தாளி எப்படி வேண்டாம் என்பாள், வீட்டுக்காரி எப்படி விடமாட்டாள், விட்டுவிட்டால் இவள் ஊரெல்லாம் எப்படிக் குறை சொல்வாள் என்று, இலக்கணம் போன இடம் தெரியாமல் கொட்டித் தீர்த்தேன். அவ்வளவு இத்தாலியம் எனக்குள் இருந்தது எனக்கே தெரியாது.

அந்த அம்மையார் பேனாவைக் கீழே வைத்தார். தானும் இத்தாலியின் தெற்கத்திக்காரிதான், தன் அம்மா இன்றும் யாரையும் சும்மா அனுப்ப மாட்டார் என்று சொல்லிச் சிரித்தார். பிறகு முகத்தைக் கடுமையாக்கிக்கொண்டு, "அதெல்லாம் முடியாது, குடித்துவிட்டுத்தான் போக வேண்டும்" என்றார்.

தேறிவிட்டேன் என்பது அப்போதே தெரிந்துவிட்டது. சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"சரி, அரை கப் மட்டும்" என்றேன்.